நாற்காலி பஸ்

நான் வேலை செய்யும் முதியோர் இல்லம் ஒரு காலத்தில் தோட்டத்துப் பிள்ளைமடுவமாக இருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம். கந்தப்பளையிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. கை கழுவும் தொட்டிகள் இன்னும் குழந்தைகளின் உயரத்திலேயே இருக்கின்றன. முகம் கழுவ வேண்டுமென்றால் வயதானவர்கள் இரண்டாக மடிய வேண்டும். மாற்றித் தருகிறோம் என்று பார்க்க வந்த பெரிய மனிதர்கள் எல்லாரும் சொன்னார்கள். இங்கே இருப்பவர்களில் சிலர் இதே மடுவத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள்.

"போன எடத்துக்கே திரும்பி வந்துட்டோம். என்னா, இந்தத் தடவ சாயந்தரம் தூக்கிட்டுப் போக யாரும் வர மாட்டாங்க," என்று மூலைக் கட்டில் அம்மா சொல்லுவார். சொல்லிவிட்டுச் சிரிப்பார். அதைக் கேட்டு அழுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் சிரிப்பார்.

அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குப் பேச்சு வராது. சாதாரண தரப் பரீட்சைவரை படித்தேன். நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலைக்கு அது வசதி. குளிப்பாட்டுவதற்கும் துணி மாற்றுவதற்கும் பேச்சு தேவையில்லை.

மூலைக் கட்டில் அம்மா வாழ்நாள் முழுவதும் கொழுந்து பறித்தவர். பிள்ளைகள் இல்லை. புருஷன் போன பிறகு தோட்டத்து லயத்தில் இருந்த ஒற்றை அறைக் காம்பராவை மச்சான் மகன் எடுத்துக்கொண்டு இவரை இங்கே கொண்டுவந்து விட்டான். இரத்த உறவு என்று மிஞ்சியது ஒரு தங்கச்சி. அந்தத் தங்கச்சியின் குடும்பம் ஒரு கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு இறங்கி, திருகோணமலைப் பக்கம் ஒரு குடியேற்றத்தில் போய்ச் சேர்ந்தது. இப்போது அவருக்கு மூச்சிழுப்பு. குளிரில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவருக்கோ தனியாக பஸ் ஏறக் காலில் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னுடைய போனில்தான் இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். கூடம் முழுக்கக் கேட்கும்.

"இன்னும் சாகலையா நீ?" என்று தங்கச்சி ஆரம்பிப்பார்.

"ஒன் மூஞ்சி எப்பிடிக் கெட்டுப் போயிருக்குன்னு பாக்காம சாவ மாட்டேன்டி."

"பாத்து என்னா செய்யப் போற. அம்மா சாவுக்கு வந்தப்ப பாத்தியே, அதே மூஞ்சிதான்."

அந்தச் சாவு வீட்டுக் கதையை மூலைக் கட்டில் அம்மா என்னிடம் ஒரு நாள் தலை சீவும்போது சொன்னார். தாய் இறந்தபோது தங்கச்சி வந்து சேரவே நேரமாகிவிட்டது. வழியெல்லாம் இராணுவச் சோதனை. அவர் வந்து இறங்கும்போது பாடையைத் தூக்கிவிட்டார்கள். ஓடி வந்து அக்காவைக் கட்டிப் பிடித்தாராம். அக்கா கையைத் தட்டிவிட்டு, கூடியிருந்த சனத்தைப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டாராம்.

"வேணும்னுதான் கேட்டேன். சாகக் கெடந்த அம்மா அவ பேரச் சொல்லிச் சொல்லிக் கெடந்தா. நான் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு நிக்கிறேன், என் பேரு ஒரு தடவ வரல. அந்தக் கோவம்." சீப்பில் வந்த முடியைச் சுருட்டி என் கையில் வைத்தார். "அவ அப்பிடியே வந்த பஸ்ஸுக்குத் திரும்பிப் போயிட்டா. எத்தனையோ வருசம் பேச்சே இல்ல. இப்பத்தான் இந்தப் போன் புண்ணியத்துல ஏசிக்கிறோம்."

அதனால், திருகோணமலைக்கு ஒரு பயணம் என்று இல்லத்தை நடத்தும் மேட்ரன் சொன்னபோது கூடத்தில் இருந்தவர்களில் இவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை.

இந்தத் தோட்டத்தில் பிறந்து வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஆடி மாதம். மலையில் காற்றும் மழையும் கம்பளி ஈரமும். கீழே கொளுத்தும் வெயில். கோயில், வெந்நீர்க் கிணறு, கடல், ஒரு ராத்திரி மடத்தில் தங்கல். எல்லாருக்கும் வெள்ளைத் துணித் தொப்பி அனுப்பியிருந்தார், தொப்பியோடு ஒரு போட்டோ வேண்டுமாம். ஆனால் வந்த பஸ் சின்னது. எல்லாரும் போக முடியாது.

மேட்ரன் கெட்டவர் இல்லை. தோட்ட ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஹட்டன் டவுன்காரர். முந்தைய பயணத்தில் யாரோ சீட்டை நனைத்துவிட, இனி இந்த மாதிரி ஆட்களை ஏற்ற மாட்டேன் என்று பஸ்காரர் சத்தம் போட்டிருந்தார். இந்த முறை சீட் நனையாது என்று மேட்ரன் அவரிடம் வாக்குக் கொடுத்துத்தான் பஸ்ஸை வாடகைக்கு வாங்கினார். ஈரம் உறிஞ்சும் பெம்பஸ் கட்டிக்கொள்ளலாம் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அவ்வளவு தூரத்துக்கு ஆளுக்கு எத்தனை மாற்றுவது, எங்கே வைத்து மாற்றுவது என்று கேட்டார்.

எனவே அவர் ஒரு பரீட்சை வைத்தார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இரண்டு இரண்டாகப் போட்டு, நடுவில் வழி விட்டு, ஒரு பஸ் செய்தோம். வாசலில் ஒரு ஸ்டூல். அதுதான் பஸ் படி. கைப்பிடிக்குக் கதவு நிலை. யாருடைய உதவியும் இல்லாமல் ஸ்டூலில் ஏறி இறங்க வேண்டும். பிறகு காலைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், பகல் சோற்றுக்கு மணி அடிக்கும்வரை எழும்பக் கூடாது. இடையில் கக்கூசுக்கு எழும்புகிறவர் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான். மேட்ரன் இதைச் சிரித்த முகத்தோடு ஒரு விளையாட்டு மாதிரித்தான் சொன்னார்.

நாற்காலி பஸ்ஸுக்குக் கண்டக்டர் எங்கள் கங்காணி. தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். பறிக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று வேலை வாங்கியவர். இங்கே வந்த பிறகும் காலையில் எழுந்தவுடன் கோட்டைப் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகப் பெரட்டுப் பார்ப்பார். தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிப்பார்களே, அந்தப் பெரட்டு. யாராவது படுக்கையில் கிடந்தால், "இன்னிக்கு ஒனக்கு அரைப்பேருதான்" என்பார். அரை நாள் கூலி என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழே ஒரு கால் அவருக்குச் சரியாக வராது. ஆனாலும் ஸ்டூலில் முதலில் ஏறிக் காட்டியவர் அவர்தான்.

"ஏறு, ஏறு. பின்னாடி எடம் இருக்கு. புட்போட்ல நிக்காத."

"டிக்கட் வேணாமா கங்காணி?" என்று மூலைக் கட்டில் அம்மா கேட்டார்.

"ஒனக்கு டிக்கட் எப்பவோ எடுத்தாச்சு, மேல போறதுக்கு. இது கீழ போற பஸ்."

"நீங்க முன்ன போய் எடம் புடிச்சு வைங்க. நான் பின்னாடி வாரேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் எழுந்தார். அவர் அவ்வளவுதான். கங்காணி நாக்கால் மணியடித்து, "எறங்குறவங்க எறங்கு," என்றார். இறங்கியவர் தன் கட்டிலில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்படிச் சில காலைகள் நடந்தது. ஒவ்வொரு காலையிலும் ஆள் குறைந்தது. மூலைக் கட்டில் அம்மா அசையவே இல்லை. காலை மடக்கி, கையை மடியில் வைத்து, கல் மாதிரி இருந்தார்.

"எப்பிடிம்மா?" என்று மேட்ரனே கேட்டார்.

"மலையில பழகினது. அங்க கக்கூசா இருந்துச்சு? வாய நனைச்சவ பொதருக்கு எடம் தேடிக்கிட்டு நிப்பா. அதுக்குள்ள நான் அரக் கூட ரொப்பிருவேன். காலையில வீட்ட விட்டா கொழுந்து நிறுவை முடியுற வரைக்கும் ஒரு சொட்டு குடிக்கிறதில்ல." பிறகு முகவாயால் கங்காணியைக் காட்டினார். "அப்பிடியும் தாங்காம எவளாவது பொதருக்குள்ள போயிட்டா, ஒரு ஆளு ரோட்டுல நின்னு அவ பேரச் சொல்லிக் கத்துவாரு. மலை பூராவும் கேக்கும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அந்த ஆளு வேற யாரும் இல்ல, இவருதான்."

கங்காணி வெட்கப்படவில்லை. "வேலைக்கு வந்தவ வேல செய்யணும்ல," என்றார். "அப்பிடிக் கத்தலைன்னா பாதிப் பேரு பொதருக்குள்ளதான் இருந்திருப்பீங்க."

கடைசியில் ஒரு இடத்துக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் மூலைக் கட்டில் அம்மா. மற்றவர் பக்கத்தில் சன்னலோரக் கட்டிலில் இருப்பவர். பருமனான, சீனி போட்ட தேத்தண்ணி என்றால் உயிரை விடுகிற ஒருவர். இருவரும் ஒரே தோட்டம். ஒரே வெற்றிலைப் பெட்டியில் கை விடுகிறவர்கள். சன்னல் கட்டில் அம்மா கடலைப் பார்த்ததில்லை. கடலைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். அது நம்ம தோட்டத்து மேல் கணக்குக் குளத்தைவிடப் பெரிதா, மறுகரை தெரியுமா என்று.

அந்த நாட்களில் மூலைக் கட்டில் அம்மா தன் காலைத் தேத்தண்ணியை அவருக்குக் கொடுத்து வந்தார். "எனக்கு வாய்க்கு ருசிக்கல. நீ குடி." நான் அதைப் பார்த்தேன், பிரியம் என்று நினைத்தேன்.

"என்னாடி, திடீர்னு பாசம் பொத்துக்கிட்டு வருது?" என்று சன்னல் கட்டில் அம்மா கேட்டார். கேட்டுவிட்டு இரண்டு கோப்பையையும் குடித்தார்.

கடைசிக் காலையில் அவர் எழும்பவில்லை. எழும்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நாற்காலியின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு இருந்தார். வெளியே பீலியில் மழைத் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அதுவும் சேர்ந்து அவரைக் கொன்றது என்று நினைக்கிறேன். மணி அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது நாற்காலியிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் இறங்கித் தரையில் ஓடியது. பிறகு கங்காணி சொன்னார்.

"நோட்டன் பிரிட்ஜ் அணையில வான்கதவத் தொறந்துட்டாங்க. ஆத்தோரம் இருக்கிறவங்க மேட்டுக்கு ஏறுங்க."

கூடமே சிரித்தது. ஏற்கனவே இறங்கியவர்கள் கட்டில்களிலிருந்து எழுந்து வந்து சிரித்தார்கள். அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். மூலைக் கட்டில் அம்மா மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னல் கட்டில் அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நீ குடுத்த தேத்தண்ணி," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ருசியாத்தான் இருந்துச்சு," என்றார்.

நான் தரையைத் துடைத்தேன். அன்று மாலை மூலைக் கட்டில் அம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போது கேட்டேன். "பெரியம்மா, வேணும்னே செஞ்சீங்களா?"

"அவளுக்கு அங்க யாரு இருக்கா? கடலப் பாக்கத்தான போறா. கடல் அடுத்த வருசமும் அங்கதான் கெடக்கும். என் தங்கச்சி கெடப்பாளா?" காலை இழுத்துக்கொண்டார். "பேசாம அமுக்கு. நீ பேச ஆரம்பிச்சா கை நின்னுருது."

பயணத்துக்கு முந்தைய நாட்கள் மூட்டை கட்டுவதில் போயின. போர்வை வேண்டாத ஊர் ஒன்று இருக்கிறது என்பதை யாரும் நம்பவில்லை. ஒருவர் இரண்டு கம்பளியைச் சுற்றி வைத்தார். கங்காணி கோட்டைக் கழற்ற மறுத்தார். மேட்ரன் மூட்டைகளை அவிழ்த்துக் கம்பளிகளை வெளியே எடுத்தார். கடைசியில் ஸ்வெட்டர்களையும் பறித்து, வீட்டில் நிற்கப் போகிறவர்களின் பொறுப்பில் கொடுத்தார். அடுத்தவர் ஸ்வெட்டரை மடித்துக் காவல் காப்பதுதான் அவர்களுடைய பயணம். ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தல் கொடுத்து, இன்றிலிருந்தே நிறையக் குடித்துப் பழக வேண்டும், கீழே வெயில் உடம்பை உறிஞ்சிவிடும் என்றார். மாலையில் போத்தல் காலியாக இருக்கிறதா என்று பார்ப்போம். மூலைக் கட்டில் அம்மாவின் போத்தல்தான் எப்போதும் முதலில் காலியாகும். அதை அந்தக் குட்டைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்து காட்டுகிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. நாற்காலி பஸ்ஸில் வென்றபின் அவருக்கு நிஜ பஸ்தான் பயம். அதில் கங்காணி இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பார்.

போகிறதற்கு முன் தங்கச்சிக்குப் போன் செய்தோம். மடத்து வாசலில் வந்து நிற்பதாக அவர் சொன்னார்.

"இந்தத் தடவ நான்தான் மொதல்ல அவ பேரச் சொல்லிக் கூப்பிடுவேன்," என்று மூலைக் கட்டில் அம்மா என்னிடம் சொன்னார். "அவ வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடி. சாவு வீட்டுல கேட்டதுக்கு இது சரியாப் போகும்." கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெயரை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். கோபமாக ஒரு தடவை, சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவது மாதிரி ஒரு தடவை.

விடியும் முன்பே பஸ் கிளம்பியது. கந்தப்பளையில் எல்லாரும் நடுங்கினார்கள், மேட்ரனை ஏசினார்கள். கண்டி தாண்டியதும் ஏச்சு நின்றது. மாத்தளையில் வெயில் ஏறியது. தொப்பியால் விசிறிக்கொண்டார்கள். மூலைக் கட்டில் அம்மாவின் உதடு வெள்ளையாக இருந்தது.

"தண்ணி குடிங்க பெரியம்மா."

"குடிச்சேன்." காலிப் போத்தலைத் தூக்கிக் காட்டினார். நான் நிரப்பிக் கொடுத்தேன்.

தம்புள்ளையில் பஸ் நின்றது. எல்லாரையும் இறக்கிக் கக்கூசுக்கு வரிசையில் நிறுத்திவிட்டு நான் திரும்பிப் பார்த்தபோது, அவர் பஸ்ஸுக்குள் தனியாக உட்கார்ந்து, போத்தலை சன்னலுக்கு வெளியே கவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறிப் போனேன்.

"ஏன் இப்பிடிச் செய்றீங்க?"

"தங்கச்சியப் பாத்துட்டுக் குடிக்கிறேன். இவ்வளவு தூரம் வந்துட்டு என்னைய நனைய வச்சுக் கங்காணி வாயில போடப் பாக்குறியா? நோட்டன் பிரிட்ஜ் கதையெல்லாம் நான் கேக்க மாட்டேன்."

மேட்ரனிடம் சொன்னேன். அவர் வந்து முன்னால் நின்று, குடிக்க வைத்தார். அம்மா வாய் நிறைய வாங்கிக்கொண்டார். மேட்ரன் இறங்கியதும் துவாய்த் துண்டில் துப்பினார். என்னைப் பார்த்துக்கொண்டே துப்பினார்.

கந்தளாய் பக்கம் வரும்போது அவர் பேச ஆரம்பித்தார். முதலில் எனக்கு விளங்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக் கூடைக் கயிற்றைத் தேடினார். மழை வருது, இடுப்பில் சுற்றும் படங்கு எங்கே என்று கேட்டார். வெளியே மரங்கள் வெயிலில் வெளுத்துப்போய் நின்றன. கங்காணி திரும்பிப் பார்த்தார்.

"பாருங்க, பெரட்டுக்கு வந்துட்டா," என்றார். பிறகு பழைய குரலில், "ஏய், என்னா நின்னுகிட்டு? பறி, பறி," என்றார்.

மூலைக் கட்டில் அம்மா பறித்தார். முன் சீட்டின் உறையில் இரண்டு கைகளும் வேகமாக ஓடின. இரண்டிலை ஒரு மொட்டு, கிள்ளி, தோளுக்குப் பின்னால் வீசி, மறுபடி கிள்ளி. கையில் ஒரு பிழை இல்லை. பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். சாரதியும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "எத்தன கிலோ? காணாது, பத்தாது, அரைப்பேருதான்," என்று கங்காணி சொன்னார். அரைப்பேர் என்றதும் கை இன்னும் வேகமாக ஓடியது. கங்காணி சிரிப்பை நிறுத்திவிட்டு, "சரி, போதும்," என்றார். அவர் நிறுத்தவில்லை. "போதும்னு சொல்றேன்ல." கை ஓடிக்கொண்டே இருந்தது. நான் பிடித்துப் பார்த்தேன். தோல் காய்ந்த வாழைச் சருகு மாதிரி இருந்தது, சுட்டது. மேட்ரன் வந்து கண்ணை இழுத்துப் பார்த்து, "நேரா ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லணும்," என்றார். மடம் போகிற வழியில்தான் இருந்தது. மற்றவர்களை இறக்கிவிட்டுப் போவோம் என்று சாரதி சொன்னார்.

மடத்து வாசலில் தங்கச்சி நின்றார். மகளும் கூட நின்றார். கையில் துணியில் கட்டிய ஒரு பொட்டலம். போன் சத்தத்தை வைத்து நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம், மூச்சுக்கு நெஞ்சு ஏறி இறங்கியது. ஆட்கள் இறங்க இறங்க ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாத் தலையிலும் ஒரே வெள்ளைத் தொப்பி. பிறகு பஸ் படியில் ஏறி உள்ளே வந்தார்.

"அக்கா," என்றார்.

மூலைக் கட்டில் அம்மா கையை நிறுத்தினார். நிமிர்ந்து பார்த்தார். நன்றாகப் பார்த்தார். எனக்குக்கூட ஒரு நம்பிக்கை வந்தது.

"யாரு இந்தப் பொம்பள?" என்றார்.

தங்கச்சி முதலில் சிரித்தார். "போதும் அக்கா, வெளாடாத. நான் அவ்வளவு தூரத்துல இருந்து மூச்சப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கேன்."

"கங்காணி, புது ஆளு போல இருக்கு. என் நிரையில நிக்கிறா. எறங்கச் சொல்லுங்க."

தங்கச்சியின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இல்லங்க, அவங்களுக்கு வெயில்ல தண்ணி இல்லாம..." என்று ஆரம்பித்தேன். பஸ் வாசலில் கூடி நின்ற சனம் முழுக்க என்னைப் பார்த்தது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"எனக்கு எங்க அக்காவத் தெரியும் பிள்ள," என்றார் தங்கச்சி. "அப்ப சனத்துக்கு முன்னால கேட்டா. இப்பவும் சனத்துக்கு முன்னால கேக்கணும்னுதான் வரச் சொல்லியிருக்கா. அதே சொல்லு, ஒரு எழுத்துக்கூட மாறல." பொட்டலத்தை என் மடியில் வைத்தார். "குடுங்க. தின்னட்டும்."

அவர் படியிறங்கும்போது மூலைக் கட்டில் அம்மா சீட்டிலிருந்து என் மேல் சரிந்தார். நானும் மேட்ரனும் அவரைத் தூக்கிப் பிடித்து நிமிர்ந்தபோது தங்கச்சியின் ஓட்டோ திரும்பிவிட்டது. மேட்ரன் கை தட்டிக் கூப்பிட்டார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். "ஏன் இவவுக்கு நீங்க தண்ணி குடுக்கேல்ல? மாடு எண்டாலும் தண்ணி காட்டித்தானே கொண்டு வருவினம்," என்று தாதி என்னைத்தான் கேட்டார். தங்கச்சியின் நம்பருக்கு நான் எடுத்தேன். மகள்தான் பேசினார். ஆஸ்பத்திரி என்று சொன்னேன், வாட்டு எது என்றும் சொன்னேன். "அம்மாட்ட சொல்லிப் பாத்தன். நம்புறா இல்ல. நடிப்பு எண்டு சொல்றா," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும்தான். அடுத்த முறை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் மூலைக் கட்டில் அம்மாவுக்குத் தெளிந்துவிட்டது. கட்டிலைப் பார்த்தார், கையில் ஏறும் குழாயைப் பார்த்தார். எங்கள் ஆட்கள் கடலைப் பார்த்துவிட்டு நேராக அங்கே வந்திருந்தார்கள். தொப்பியும் சேலைத் தலைப்பில் மணலுமாகக் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"தங்கச்சி வந்துச்சா?" என்று கேட்டார்.

நான் பதில் யோசிப்பதற்குள் கங்காணி சொல்லிவிட்டார். "வந்துச்சு. பெரட்டுல வந்து நின்னுச்சு. நீதான் பேரு போடாமத் தொரத்திட்ட."

அவர் என்னைப் பார்த்தார். "நான் என்னா சொன்னேன்?"

சொன்னேன். என்ன கேட்டார் என்று அப்படியே சொன்னேன். வேறு சொல்லிச் சமாளிக்க எனக்கு வரவில்லை, கங்காணியும் பக்கத்திலேயே நின்றார். மூலைக் கட்டில் அம்மா அழவில்லை. குழாய் ஏறாத கையால் தலையணையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து என்னைக் கிட்டக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பஸ்ஸுல நனைஞ்சேனா?"

"இல்ல பெரியம்மா."

"ம்," என்றார்.

பொட்டலத்தில் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் இருந்தன. லயத்தில் சின்ன வயதில் காலையில் இவர்கள் தின்றது அதுதானாம். வெயிலில் ஒரு ராத்திரி கிடந்து புளித்துவிட்டது. தாதி வாசம் வருகிறது என்று எடுத்துப் போட்டுவிட்டார்.

நாங்கள் திரும்பியபோது மலையில் அதே மழை. வீட்டில் நின்றவர்கள் ஸ்வெட்டர்களை மடித்து அவரவர் கட்டிலில் வைத்திருந்தார்கள். மூலைக் கட்டிலில் மட்டும் எதுவும் இல்லை. அவருடைய ஸ்வெட்டர் சன்னலுக்கு வெளியே கொடியில் தொங்கியது, தண்ணீர் ஒழுக.

"காயப் போட்டேன். மழ வரும்னு நெனைக்கல," என்றார் சன்னல் கட்டில் அம்மா. நாங்கள் புறப்பட்டுப் போன நாளிலிருந்தே மழை நின்றிருக்காது.

நான் என்னுடைய ஸ்வெட்டரைக் கொடுத்தேன். மூலைக் கட்டில் அம்மா அதைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சன்னல் கட்டில் அம்மா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு எதிரில் வந்தார். கையில் இரண்டு கோப்பை தேத்தண்ணி.

"கடல் எப்பிடி?"

"நான் பாக்கல."

"தங்கச்சி எப்பிடி இருக்கா?"

மூலைக் கட்டில் அம்மா ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு, "நல்லா இருக்கா," என்றார். "சின்ன உருவமாப் போயிட்டா. மூச்சு வாங்குது. மகளும் கூட வந்தா. ரொட்டியும் சம்பலும் கட்டிக்கிட்டு வந்தா. ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்." எல்லாம் ஆஸ்பத்திரியில் நான் அவரிடம் சொன்னவை, அவர் கடைசியாகச் சொன்னதைத் தவிர.

கங்காணி வந்து இறங்கிய கையோடு சோற்று மேசையில் முழுக் கதையையும் சொல்லிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். நடித்தே காட்டியிருந்தார். சன்னல் கட்டில் அம்மா அப்போது முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஆனாலும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூக்குத்தி? ரெண்டு பக்கமும் குத்தியிருந்தாளே. இப்பவும் ரெண்டும் போட்டிருக்காளா, ஒன்னுதானா?"

மூலைக் கட்டில் அம்மா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை நான் பஸ் படியில் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். மூக்கைக் கவனிக்கவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. என் கண்ணில் அது தெரிந்திருக்க வேண்டும். அவர் மெல்லத் திரும்பிக் கையைப் பார்த்துக்கொண்டார்.

சன்னல் கட்டில் அம்மா இரண்டு கோப்பையையும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"குடி," என்றார். "ரெண்டையும் குடி. இனிமே எங்க போகப் போற."